அவருடைய பெயரில் நாங்கள் எல்லோரும்

என் முதல் உத்தியோகத்தில் நான் ஒருநாள்கூட என் பெயரில் வேலை செய்ததில்லை. கண்டி டவுனில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது அந்தக் கந்தோர். காலையில் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், நீ யார் என்றுதான் கொம்பியூட்டர் முதலில் கேட்கும். நான் ஓர் ஆணின் பெயரை அடிப்பேன். பக்கத்தில் இருந்தவளும் அதே பெயரை அடிப்பாள். எங்கள் முதலாளிமாரும் அதையேதான் அடிப்பார்கள். அது எங்களோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் பெயர். இயந்திரம் பெட்டியிலிருந்து வந்து இறங்கிய அன்று அதைப் பூட்டி இயக்கியவர் அவர். வேலைக்காகத் தன் பெயரில் ஒரு லொகின் திறந்தார். அதற்குப் பிறகு வேறு யாருக்கும் திறக்கவே இல்லை.

போர் உச்சத்தில் இருந்த வருஷங்கள் அவை. கண்டியில் குண்டு விழவில்லை என்றுதான் பெயர். ஆனால் கைப்பையைத் திறந்து காட்டாமல் ஒரு கடைக்குள் நுழைய முடியாது. நான் மஹய்யாவப் பெண். நகரசபை வேலைக்காரர்கள் நிறைந்த வரிசை வீடுகளில் பிறந்து, டைப்ரைட்டிங் படித்து, அங்கிருந்து கொம்பியூட்டருக்குத் தாவியவள். வாய் கொஞ்சம் நீளம். அம்மா தினமும் சொல்லித்தான் அனுப்புவாள்: "வேலைக்குப் போற எடத்துல வாய வீட்டுல வச்சிட்டுப் போடி." நானும் சரி என்பேன். பஸ் ஏறுவதற்குள் மறந்துவிடுவேன்.

கம்பெனிக்கு இரண்டு பேர் சொந்தக்காரர்கள். ஒருவர் கொழும்புத் தமிழர், லண்டனில் படித்துவிட்டு வந்தவர். அவரை நாங்கள் பெரிய சேர் என்போம். உயரம், நல்ல நிறம், மடிப்புக் கலையாத சேர்ட். லண்டனில் எப்படிச் செய்வார்கள் என்று சொல்லாமல் அவரால் ஒரு கோப்பை தேத்தண்ணிகூடக் குடிக்க முடியாது. மற்றவர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம். முன்னால் சேர் என்போம், பின்னால் அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்போம். பெரிய சேர் வெளிநாட்டில் படித்த அதே படிப்பைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான், ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள மாட்டார். ஏதாவது பிழையாகிப்போனால் "ஆ, அது என்ட வேலதான், கொஞ்சம் பாப்பம்" என்று கதிரையை எடுத்துக்கொண்டு நம் பக்கத்தில் வந்து உட்காருவார். அவ்வளவு சுலபமாக அதைச் சொல்கிறவரை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் வீட்டில் சட்டி கருகினாலும் அடுப்பின் மேல்தான் பழி.

அந்த ஒற்றை லொகின் சரியில்லை என்று முதலில் சொன்னவரும் நானாதான். ஆளுக்கொன்று திறப்போம், யார் எதைச் செய்தார்கள் என்று தெரிய வேண்டாமா என்று கேட்டார். பெரிய சேர் சிரித்தார். "ஒரு வீட்டுப் பூட்டுக்கு எத்தனை திறப்பு? எனக்கு இருக்கிற வேலையில இன்னொரு பேரை நான் ஞாபகம் வைச்சிருக்கவா?" என்றார். நானா விட்டுவிட்டார். "சரி, இந்த அவசரம் முடியட்டும்" என்றார். அவசரம் என்றைக்கு முடிந்தது? ஒன்று முடிய இன்னொன்று வந்தது.

பிறகு அதுவே எங்களுக்கு வசதியாகவும் போய்விட்டது. யாழ்ப்பாணத்து அண்ணன் கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டும், பதிந்த துண்டு எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். இருந்தாலும் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்ததும் அவரை ஓரமாக நிற்கச் சொல்வார்கள். சில நாள் அரைமணித்தியாலம், சில நாள் மத்தியானம் வரை. அவர் வரும்வரை வேலை நிற்கக் கூடாது என்று அவரே எங்கள் எல்லோருக்கும் தன் பாஸ்வேர்டைச் சொல்லித் தந்திருந்தார். "நான் வராட்டிலும் என்ர பேர் வேலைக்கு வந்திடும் தங்கச்சி" என்று சிரிப்பார். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. டவுன் வர்த்தகர்களின் நலன்புரிச் சங்கம் ஒன்று, கண்டியையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த இரத்தம் கொடுப்போர் பட்டியலைக் கொம்பியூட்டரில் ஏற்றித் தரக் கேட்டது. எந்த ஆஸ்பத்திரியில் எந்த வகை இரத்தம் தேவைப்பட்டாலும் உடனே ஆளைத் தேடிப் பிடிக்கலாம். நாட்டில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்த காலம். சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர். போர்முனையிலிருந்து வரும் பையன்களுக்கு இரத்தம் போதவில்லை என்ற கவலையில் தொடங்கிய காரியம், பொதுமக்களுக்கும் என்று விரிந்தது.

பெயர் சேர்க்க என்னையும் அனுப்பினார்கள். ஹேவாஹெட்ட, பன்வில என்று தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினேன். எங்கள் மலையக ஆட்களிடம் பெயர் வாங்குவது லேசான வேலையா? ஆளைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பன்விலையில் கொழுந்துக்கூடையோடு நின்ற ஓர் அக்கா கேட்டே விட்டாள்: "பேரு எழுதிக்கிட்டா அப்புறமா ஆளுக வந்து புடிச்சிக்கிட்டுப் போவாங்களாமே, நெசமா?" இரத்தம் எடுப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் பயந்தது ஊசிக்கில்லை, பெயர் எழுதுவதற்குத்தான். ஒரு தேத்தண்ணி நேரம் உட்கார்ந்து பேசித்தான் அவள் பெயரையும் அவள் புருஷன் பெயரையும் வாங்கினேன். இப்படித்தான் ஒவ்வொரு பெயரும் வந்தது. கோயிலில், பள்ளிவாசலில், சேர்ச்சில், பௌத்தர்களின் பன்சலையில் என்று மற்றவர்களும் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் அண்ணனின் பெயரில் உட்கார்ந்து ஏற்றினோம்.

திறப்பு விழாவுக்குப் பெரிய சேர் சாத்திரியாரிடம் போய்ச் சுபநேரம் குறித்துக்கொண்டு வந்தார். லண்டனில் படித்தவர்தான், ஆனால் எண்ணெய் விளக்கு ஏற்றாமல் எதையும் தொடங்க மாட்டார். அதில் தப்பில்லை, எங்கள் ஊரில் இரும்புக் கடையும் அப்படித்தான் திறக்கிறது. ஆனால் நானா, இன்னும் இரண்டு கிழமை தாருங்கள், முழுப் பட்டியலுக்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை என்று கேட்டார். அது ஆறு வற்றி, நாடு முழுவதும் மின்வெட்டு நடந்த காலம். பிரதி எடுக்கும் நாடா பாதி ஓடும்போதே கரண்ட் போய்விடும். "சுபநேரம் உமக்காக நிக்காது" என்றார் பெரிய சேர். நானா சரி என்று தலையாட்டினார்.

விழா அன்று இயந்திரத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டியவர் அண்ணன். புதுச் சேர்ட் போட்டு வந்திருந்தார். பெரிய சேர் அவரை மாடிப்படியிலேயே மறித்தார். "நீர் உள்ளுக்கு வர வேண்டாம். தலைவர் ஆமிக்காரர். உம்முடைய பேச்சைக் கேட்டால் ஒரு மாதிரி நினைப்பார். கீழே இரும், கூப்பிடுறன்." அண்ணன் "ஓம் சேர்" என்று இறங்கிப் போனார். கீழே தேத்தண்ணிக் கடையில் ஒரு மூலையில் போய் இருந்தார். நான் வெற்றிலைத் தட்டோடு விளக்குக்குப் பக்கத்தில் நின்றேன். அவ்வளவு பேர் முன்னால் வாயைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

விளக்கு ஏற்றினார்கள். பெரிய சேர் தானே கதிரையில் உட்கார்ந்து அண்ணனின் பெயரை அடித்தார். எங்களிடம் இரண்டு பட்டியல் இருந்தது: ஒன்று உண்மையானது, ஒன்று ஒத்திகைக்குச் செய்த பொய்ப் பட்டியல். பொய்ப் பட்டியலைத்தான் காட்டுவதாகப் பேச்சு. ஒத்திகையில் அதை முழுவதும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றிக் காட்டுவோம், பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். தலைவர் கைகட்டி நின்று கேட்டார்: "இதிலே இருப்பது உண்மையான ஆட்களா?" இல்லை, ஒத்திகை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? பெரிய சேரால் முடியவில்லை. "நிச்சயமாக உண்மைதான்" என்று உண்மைப் பட்டியலைத் திறந்தார். பெயர்கள் ஓடின. கைதட்டினார்கள். கைதட்டல் ஓயுமுன்பே, ஒத்திகையின் அதே ஓட்டத்தில், எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளைக்குப் போனார். நானா முன்னால் ஓர் அடி எடுத்து வைத்து "சேர்..." என்றார். பெரிய சேர் இடது கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். நிச்சயம்தானா என்று இயந்திரம் கேட்டது. போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

திரை வெறிச்சோடிப் போனது. திரும்ப ஏற்ற எதுவும் இல்லை. ஏற்றுவதற்குத் தயாராக வைத்திருந்தது பொய்ப் பட்டியல் மட்டும்தான். பெரிய சேரின் நெற்றியில் வேர்வை அரும்பியது. "கரண்ட் பிரச்சினை" என்றார். தலைவர் மேலே எரிந்துகொண்டிருந்த லைட்டை நிமிர்ந்து பார்த்தார். நானா அலுமாரியைத் திறந்து நாடாக்களைக் கிளறினார். முழுதாக எடுத்த பிரதி பழையது. தோட்டங்களிலிருந்து நான் கொண்டுவந்த ஒரு பெயரும் அதில் இல்லை. பன்வில அக்காவின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அழுகை வந்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் அது வெறும் அவமானம். சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். பெரிய சேர் இயந்திரத்தில் பதிந்திருந்த குறிப்பை அச்சடித்து, ஓர் உறையில் போட்டு அனுப்பினார். அந்த நேரத்தில் பட்டியலை அழித்தது யார் என்று அதில் தெளிவாக இருந்தது. அண்ணனின் பெயர், ஓர் அசல் யாழ்ப்பாணத்துப் பெயர். காயப்பட்ட இராணுவத்தினருக்கு இரத்தம் கொடுக்கச் செய்த பட்டியலை அந்தப் பெயர் அழித்திருக்கிறது. அந்த வருஷங்களில் இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒரு காலை நேரம் பொலிஸ் ஜீப் வந்தது. நாங்கள் வேலையில் இருந்தோம். அண்ணன் எழுந்து நின்றார். என்ன ஏது என்று கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார், பேனையையும் எடுத்து வைத்தார். "அம்மாவுக்கு ஒண்டும் எழுதிப் போடாதேங்கோ தங்கச்சி, பயந்திடுவா" என்று மட்டும் என்னிடம் சொன்னார். படியில் அவரை நடுவில் விட்டு இறக்கிக்கொண்டு போனார்கள். புடைவைக் கடைக்காரர்கள் துணியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் நேராகப் பெரிய சேரின் கண்ணாடி அறைக்குள் போனேன். கதவைத் தட்டவில்லை. எனக்கு முன்பே நானா அங்கே வந்து நின்றார்.

"சேர், அத அழிச்சது நீங்கதானே" என்றேன்.

"பிள்ளை, வெளியில போம்."

"நீங்கதான் சேர். நான் பக்கத்துல நின்னேன்."

"நான் பொய் சொன்னனா?" என்று நானாவைப் பார்த்துக் கேட்டார். "யாரையும் குற்றம் சொன்னனா? மெஷின் என்ன பதிஞ்சதோ அதைக் குடுத்தன். விசாரிப்பாங்கள், ஒண்டும் இல்லையெண்டு விட்டிடுவாங்கள். அவருக்கு இதெல்லாம் பழக்கம்தானே."

பழக்கம்தானே! இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சொல்லைக் கேட்டால் கையில் கிடைப்பதைத் தூக்கி எறியத் தோன்றுகிறது. ஒரு மனிதனைச் சாவடியில் நிறுத்தி நிறுத்தி வைத்தால் அவனுக்கு அது பழகிவிடும், பிறகு எத்தனை தரம் பிடித்துக்கொண்டு போனாலும் வலிக்காது என்பது அவர் கணக்கு. அவர் கெட்டவரில்லை, கம்பெனியைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். தான் பிழை செய்வது நடக்கக் கூடிய காரியம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

நானா கதவுப் பக்கம் திரும்பினார். முகம் கறுத்துப்போயிருந்தது. "நான் பொலிசுக்குப் போறன்" என்றார்.

"போய் என்ன சொல்லப் போறீர்? கம்பெனிப் பேர் கெட்டுப் போகும்."

"கெட்டுத்தான் போச்சு சேர். இப்ப ஆள் கெட்டுப் போகாமப் பாக்கணும்."

"நானும் வர்றேன்" என்றேன். நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "நானும் அந்தப் பேர்லதான் வேலை செஞ்சேன் சேர்" என்றேன். நானா கதவைத் திறந்து எனக்கு வழிவிட்டார். வீட்டில் கேட்டிருந்தால் அப்பா காலை முறித்திருப்பார். எங்கள் ஆட்கள் கலவரத்தைப் பார்த்தவர்கள், பொலிஸ் வாசலை மிதிக்காமல் வாழ்வதே பெரிய காரியம் என்று நினைப்பவர்கள். அதனால் கேட்கவில்லை.

போகும் வழியில் நானா தன் பயத்தை மறைக்கவில்லை. "எனக்குப் பயமாத்தான் இரிக்கி தங்கச்சி" என்று நேராகவே சொன்னார். அந்த வருஷம் உம்மாவை ஹஜ்ஜுக்குக் கூட்டிப்போக எல்லாம் ஒழுங்கு செய்திருந்தார். விசாரணை என்று வந்தால் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். குளத்தோரத்தில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிவிட்டு நடந்தார்.

பொறுப்பதிகாரி வயதானவர், அலுத்துப்போன முகம். நானா சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். "அந்தப் பெயரில் உள்ளே போகாத ஆள் எங்கள் கந்தோரில் இல்லை. அது தப்பு என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் மாற்றாமல் விட்டேன். பிரதி எடுப்பது என் பொறுப்பு, எடுக்கவில்லை. பட்டியல் அழிந்தபோது நீங்கள் பிடித்து வைத்திருக்கும் ஆள் அந்த அறையிலேயே இல்லை."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் மெஷினில் இருந்தது யார்?"

"அவரே வந்து சொல்வது நல்லது" என்றார் நானா.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கள் பெரிய சேர்!" என்று சிங்களத்தில் போட்டு உடைத்தேன். "நான் வெற்றிலைத் தட்டோடு பக்கத்தில் நின்றேன் மாத்தயா, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்."

அதிகாரி போன் எடுத்துப் பெரிய சேரைக் கூப்பிட்டார். அவர் சட்டத்தரணியோடு காரில் வந்து இறங்கினார். எங்கள் இருவரையும் பார்க்காமல் அதிகாரிக்குக் கை கொடுத்தார். நான் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். ஒரே ஒரு வார்த்தை. "ஆமாம், என் கைதான் பட்டது" என்றால் போதும், யாரும் அவரை உள்ளே போடப் போவதில்லை. அவருடைய ஆங்கிலத்துக்கும் சேர்ட்டுக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அவரிடம் கேட்டது அவ்வளவுதான்.

"நான் விருந்தினரோடு பேசிக்கொண்டு நின்றேன்" என்றார் ஆங்கிலத்தில். "தொழில்நுட்ப வேலை எல்லாம் என் பங்காளியின் பொறுப்பு. இந்தப் பெண் வெற்றிலை கொடுக்க நின்றவள், அவளுக்கு என்ன விளங்கும்?"

காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. நானாவைப் பார்த்தேன். இவரும் நாலு வார்த்தை ஏசப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதிகாரியிடம்தான் பேசினார். "அவர் உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன். அதை எழுதுங்கள். அவர் இல்லை என்கிறார், அதையும் எழுதுங்கள். ஆனால் தொழில்நுட்ப வேலை என் பொறுப்பு என்று சொன்னது உண்மை. கூப்பிட வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், அந்தப் பையனை விடுங்கள்."

அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கே வருகிறவர்கள் எல்லோரும் தாங்கள் செய்யவில்லை என்று சொல்லத்தான் வருவார்கள்" என்றார். பிறகு கடதாசியை எடுத்து எழுதத் தொடங்கினார். நானா கையெழுத்துப் போட்டார். நானும் சாட்சியென்று போட்டேன், முதல் தடவையாக என் சொந்தப் பெயரில்.

அண்ணனை விடுவிக்க இன்னும் சில நாள் பிடித்தது. வெளியே வந்தபோது கன்னம் ஒட்டிப்போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு வந்தார். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நானாவின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கிழமையும் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். உம்மா அந்த வருஷம் போகவில்லை. சங்கம் வேலையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டது. அதைப் பற்றி நானா ஒரு மூச்சு விடவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, பார்க்கிற எல்லோரிடமும் புலம்பினேன்.

அண்ணன் மறுபடி வேலைக்கு வந்த காலையில் பெரிய சேர் கண்ணாடி அறையிலிருந்து தானாகவே வெளியே வந்தார். அண்ணனின் தோளில் தட்டினார். "பார்த்தீரா? ஒண்டும் நடக்கேல்லத்தானே? எனக்குத் தெரியும், விட்டிடுவாங்களெண்டு. இனி இதை மறந்திட்டு வேலையைப் பாரும்."

நாங்கள் எல்லோரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணன் வழக்கம்போலத் தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"ஓம் சேர். ஒரு உதவி செய்யுங்கோ. உங்கட பேரில ஒரு லொகின் இப்ப திறந்து தாறன். இனி அதிலயே வேலை செய்யுங்கோ."

பெரிய சேரின் காது சிவந்துபோனது. திரும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு எழுந்து விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. அண்ணன் தன் இடத்தில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பெயர் கேட்டுத் திறந்து கொடுத்தார். என் முறை வந்தபோது என் பெயர் திரையில் விழுவதைப் பார்த்தேன். சும்மா எழுத்துத்தான், ஆனாலும் பயமாக இருந்தது. இனி நான் செய்கிற கோளாறெல்லாம் என் தலையில்தான்.

நானா கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "எனக்கும் ஒண்டு தொறங்க தம்பி."

அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். நானாவை ஏறிட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு வேண்டாம் சேர். என்ர புதுப் பாஸ்வேர்டை உங்களுக்குச் சொல்லுறன். நீங்கள் என்ர பேரிலயே செய்யுங்கோ."

அந்தப் பெயரால் அவர் பட்ட பாட்டை அறையில் எல்லோரும் அறிவோம். நானா தலையை இடமும் வலமும் ஆட்டினார். பிறகு சொன்னார்:

"ஏலாது தம்பி. அதச் செஞ்சுதான் ஒங்கள உள்ளுக்குப் போட்டாங்க. என்ட பேருல தொறங்க. நான் பிழை விட்டா நான்தான் விட்ட எண்டு இரிக்கட்டும்."

அண்ணன் திரையின் பக்கம் திரும்பி, ஓர் எழுத்தும் தப்பாமல், நானாவின் முழுப் பெயரையும் அடித்தார்.